வலி வந்தால் வழி ஒன்றுதானா?

ஹைதராபாத் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்கள் டீமில் போன வருஷம் நாலு பேர் அப்பா ஆனார்கள். நாலும் சிசேரியன். "ஆபரேஷன் எப்போ?" என்றுதான் இங்கே விசாரிக்கிறார்கள், "பிரசவம் எப்போ?" என்றல்ல.

என் வீட்டிலும் அதே கதைதான். "தண்ணி குறைஞ்சிருக்கு, ரிஸ்க் வேணாம்" என்று டாக்டரம்மா சொன்னதும் கையெழுத்துப் போட்டேன். தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வேறு வழி உண்டா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தெலங்கானா தனியார் ஆஸ்பத்திரிகளில் 100 பிரசவத்துக்கு 81 சிசேரியன். சிரிக்காதீர்கள், தமிழ்நாட்டில் அதே கணக்கு 64. நாட்டளவில் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு மரணங்கள் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பிறகு ஏன்? சுகப்பிரசவத்துக்கு ராத்திரி பூரா காத்திருக்கணும். ஆபரேஷன் ஒரு மணி நேரம், பில்லும் பெருசு. போதாததற்கு நல்ல நேரம் குறித்துக்கொண்டு போகும் நாமும் கூட்டுக் களவாணிகள்தான்.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மிட்வைஃப்களே நடத்தும் பிரசவ மையங்கள் இருக்கின்றன. சிக்கலில்லாத 64,000 கர்ப்பிணிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, அங்கே பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியைவிட ஆபத்து கூடவில்லை, சிசேரியன் குறைந்தது என்றது.

"உயிரோடு விளையாடுறியா?" என்று பாய வேண்டாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தை என்றால் ஆஸ்பத்திரிதான், மறுபேச்சே இல்லை. அதே ஆய்வில் தலைப்பிரசவக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். நம்ம டிராஃபிக்கில் இதை யோசிக்காமல், ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து போர்டு மாட்டினால் நானே எதிர்ப்பேன். பயிற்சி பெற்ற மிட்வைஃப், தயாராக வண்டி, முன்கூட்டியே பேசிவைத்த பக்கத்து ஆஸ்பத்திரி, மூன்றும் வேண்டும்.

மிட்வைஃப்களுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018லேயே வெளியிட்டது. அதில் சொன்ன பிரிவுகள் ஆஸ்பத்திரிக்கு உள்ளேதான். பரவாயில்லை, முதலில் அதை எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கொண்டுவரட்டும். வெளியே வருவது அடுத்த படி. அதுவரை, கையெழுத்துப் போடும் முன் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுபவன். டாக்டர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம்.