மாரிப் பரீட்சையும் பூட்டிய ஆய்வுகூடமும்

டித்வா புயலால் இடைநின்ற 2025 உயர்தரப் பரீட்சையின் எஞ்சிய வினாத்தாள்களை ஜனவரி 12 முதல் நடத்தப் பரீட்சைத் திணைக்களம் எடுத்த முடிவு சரியானதே. வெள்ளத்துக்குள் பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்திருக்க முடியாது. ஆனால் மாரியால் பரீட்சை இப்படி இடைநிற்பது இது தொடர்ந்து இரண்டாவது ஆண்டு. 2024 இல் நவம்பர் 25 ஆம் திகதி தொடங்கிய பரீட்சை இரண்டே நாளில் நின்று, டிசம்பர் 4 இல்தான் தொடர்ந்தது.

கார்த்திகை மாரியில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் என்ன பாடுபடும் என்பது எவருக்கும் புதுச் செய்தியல்ல. 1978 நவம்பர் சூறாவளியை இந்த மண் இன்னும் மறக்கவில்லை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குத் துறை கடந்து வரவேண்டிய பிள்ளைக்கு, பௌதிகவியல் வினாத்தாளுக்கு முன்பே ஒரு பரீட்சை முடிந்துவிடுகிறது. 2019 வரை உயர்தரம் ஆகஸ்டில் நடந்தது. அப்போது இங்கே கச்சான் வீசும், வெயில் கொளுத்தும், ஆனால் பாதை மூடப்படாது. ஆகஸ்டுக்குத் திரும்புவதே சரி என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

அப்படித் திரும்பும்போது நவம்பருக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மூன்று மாதம் எதிலிருந்து கழியும்? அளவீடு முதல் சடப்பொருளும் கதிர்ப்பும் வரை பௌதிகவியலின் பதினோர் அலகுகளில் எதுவும் குறையப்போவதில்லை. கொள்கைப் பகுதியைப் பள்ளிக்கூடம் முடிக்காவிட்டாலும் ரியூசன் முடித்துவிடும். கைவிடப்படுவது செய்முறைதான். ஏனென்றால் செய்முறைக்குப் புள்ளி இல்லை.

அழுத்தமானியை எடுத்துக்கொள்வோம். கம்பியின் இரு அந்தங்களிலும் வழுக்குஞ் சாவியைத் தொட்டால் கல்வனோமானியின் காட்டி ஒரே பக்கம் திரும்புகிறது. காரணம் என்ன? முனைகள் மாறித் தொடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது சேமிப்புக்கலத்தின் மின்னியக்க விசை போதாமல் இருக்கலாம் என்று மனப்பாடம் செய்த பிள்ளையும் எழுதும். ஆனால் வாவிக்காற்றில் பித்தளைத் திருகில் களிம்பு ஏறி முதற்சுற்று அறுந்திருந்தாலும் இதுவேதான் நடக்கும். திருகைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, காட்டி மறுபக்கம் சாய்வதைக் கண்ட பிள்ளைக்கு அந்தச் சுற்று பிறகு மறக்காது. அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கையும் எவ்வளவு நுட்பமாகத் தயாரித்தாலும், இந்த இருவரையும் தாளில் பிரித்தறிய முடியாது.

ஆய்வுகூட மேற்பார்வைக்கு வருவோர் இருப்புப் பதிவேட்டைக் கேட்கிறார்கள். சுரமானி இரண்டு, நகரும் நுணுக்குக்காட்டி ஒன்று என்று அதில் எழுதியிருக்கும். கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சுரமானியில் கம்பி இருக்கிறதா, இருந்தால் துருவேறி அதன் அலகுநீளத் திணிவு இடத்துக்கு இடம் மாறிக் கிடக்கிறதா என்று எவரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. மாரியில் பாடசாலை இடைத்தங்கல் முகாமாகும்போது உபகரணங்களை மேல்தட்டுக்கு ஏற்றுவதும் பௌதிகவியல் ஆசிரியர்தான், ஆய்வுகூட உதவியாளர் இல்லாத பாடசாலையில் பிறகு இறக்கித் துடைப்பதும் அவரேதான். ஒரு சுருள் கம்பிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் ஒரு வகுப்பே உயர்தரம் எழுதி வெளியேறிவிடுகிறது. இதை நிதிப் பற்றாக்குறை என்று சொல்லி எங்களைச் சமாதானப்படுத்த வேண்டாம். கேட்பது கம்பி.

ஆகவே, ஆகஸ்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டோடு சேர்த்து, நூற்றுக்குப் பத்துப் புள்ளியாவது செய்முறைக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியர்கள் தம் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. நாடு முழுவதன் விடைத்தாள்களையும் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கையில் கொடுத்துத் திருத்துவிக்கும் திணைக்களத்திடமிருந்து அந்த மறுப்பு வரக்கூடாது. சந்தேகம் இருந்தால் கல்குடா வலய ஆசிரியர் பட்டிருப்பில் மதிப்பிடட்டும், பட்டிருப்பு ஆசிரியர் மட்டக்களப்பு மேற்குக்குப் போகட்டும். உபகரணம் போதாத பாடசாலைகளுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களை விடுமுறையில் திறந்துவிடக் கேட்கலாம்.

வாசகர்களான ஆசிரியர்கள் இப்போதே பெட்டிகளைத் திறந்து பாருங்கள். இயங்கும் அழுத்தமானி, சுரமானி, மீற்றர்ப் பாலம் எத்தனை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து வலயங்களின் கணக்கையும் ஒன்றாக்கி, மாகாணக் கல்வி அமைச்சிடமும் பரீட்சைத் திணைக்களத்திடமும் நேரில் கொடுப்போம்.