லவ்வுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

டென்னிஸ் சீசன் வந்தால் போதும், அந்த வாட்ஸ்அப் தகவலும் வந்துவிடுகிறது. டென்னிஸில் பூஜ்யத்தை ‘லவ்’ என்கிறார்களே, அது முட்டையைக் குறிக்கும் ‘லெஃப்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபாம். பூஜ்யம் முட்டை வடிவம், ஆகவே லெஃப், ஆகவே லவ். அழகான கதை. ஆதாரம்தான் ஒரு துளி கிடையாது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இதை எனக்கே அனுப்பி ‘சரிதானே சார்?’ என்கிறார்கள். சரியில்லை சார். ரோலான் காரோஸில் பிரெஞ்சு நடுவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘கேன்ஸ் ஸேரோ’ என்பார். பதினைந்து, பூஜ்யம். முட்டை எங்கே? அந்தக் காலத்தில் சொல்லியிருப்பார்கள் என்று சமாளிக்கிறவர்கள், சொன்னதற்கு ஒரு வரி எழுத்தைக் காட்டட்டும்.

நவீன டென்னிஸ் வந்தது 1870களில். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே விஸ்ட் என்ற சீட்டாட்டத்தில் புள்ளி எடுக்காத நிலையை ஆங்கிலேயர் ‘லவ்’ என்று எழுதிவிட்டார்கள். பணம் வைக்காமல், ஆட்டத்தின் மேலுள்ள ஆசைக்காக மட்டும் ஆடுவதை ‘ஃபார் லவ்’ என்பது அவர்கள் வழக்கம். கைக்கு ஒன்றும் வராத ஆட்டம். அகராதிக்காரர்கள் சாய்வது இந்தப் பக்கம்தான்.

போன வருஷம் என் பேத்தி பள்ளி வினாடி வினாவில் இதையே எழுதினாள். விடைத்தாளில் ‘முட்டை’ என்று இருந்ததாம். அவளுக்குக் கிடைத்ததும் அதுவே. வாட்ஸ்அப்பில் திரிகிறவரை அது வெறும் வம்பு. கேள்வித்தாளில் ஏறிவிட்டால், ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கல்லவா மார்க் போகிறது?

கதை ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது புரிகிறது. நாமும் முட்டை மார்க் என்கிறோம். கிரிக்கெட்டின் ‘டக்’கும் வாத்து முட்டையின் சுருக்கம்தான். அதற்காக எல்லா ஆட்டத்திலும் முட்டை இருக்க வேண்டுமா? எங்கள் வீட்டுத் தாயத்தில் இரண்டு கட்டையும் புள்ளியில்லாமல் விழுந்தால் பன்னிரண்டு! அதை முட்டை என்று சொல்லிப் பாருங்கள், எதிராளி சிரிப்பான்.

பிரெஞ்சு வேர்தான் வேண்டுமென்றால் ‘டியூஸ்’ இருக்கிறது. பிரெஞ்சில் இரண்டுக்கு ‘தெ’. பகடையில் இரண்டு புள்ளி விழுந்தால் ஆங்கிலத்தில் டியூஸ். நாற்பதுக்கு நாற்பது ஆனதும் ஜெயிக்கத் தொடர்ந்து இரண்டு புள்ளி வேண்டும், அதனால் டென்னிஸிலும் டியூஸ். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர் இன்று அதை ‘எகாலித்தே’, அதாவது சமம், என்றுதான் சொல்கிறார்கள். வினாடி வினா நடத்துகிறவர்கள் அடுத்த முறை இதைக் கேட்கட்டும்.