தானாகப் பிரியும் சம்பளமும் ஒளித்து வைத்த சட்டையும்



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கராகப் பணிபுரிகிறார். சென்ற மாதம் இஷா தொழுகைக்குப் பின் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், எம்.சி. ரோட்டில் ஒரு சட்டை வாங்கினேன். அம்மாவிடம் காட்ட மனம் வராமல் ஒளித்து வைத்துவிட்டேன்" என்றார். சம்பளத்தில் வீட்டின் பங்கு எது, தம் பங்கு எது என்ற வரையறை அவரிடம் இல்லை. ஆகவே எதை வாங்கினாலும் பிறர் உரிமையை எடுத்துவிட்டோமோ என்ற உறுத்தல்.

அந்த உறுத்தலுக்கு எங்களைப் போன்றவர்களும் ஒரு காரணம். பயான்களில் வீண்விரயத்தைக் கண்டிக்கும் நாங்கள், அதே வசனம் (25:67) கஞ்சத்தனத்தையும் கண்டிப்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். தான் வழங்கிய அருட்கொடையின் அடையாளத்தை அடியானிடம் காண அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் உள்ளது. இறைவனுக்கும் குடும்பத்துக்கும் இருப்பது போலவே உமக்கும் உம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்ததை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக புகாரீயில் காண்கிறோம்.

உரியவர்களின் பங்கை முதலிலேயே பிரித்துவிட்டால் மிஞ்சுவதில் தயக்கம் தேவையில்லை. மலேசியாவில் 1963இல் செயல்படத் தொடங்கிய ஹஜ் சேமிப்பு நிறுவனமான தாபுங் ஹாஜி இதற்கு நல்ல சான்று. அதற்கு முன், வட்டிக்கு அஞ்சிய கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்கான பணத்தை வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள். போதாதபோது நிலத்தையும் கால்நடைகளையும் விற்றார்கள். இன்று மாதச் சம்பளத்திலிருந்தே ஒரு தொகை பிடிக்கப்பட்டு அங்கே சேர்கிறது. பினாங்கில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரிலோ வங்கிச் செயலியில் நிலையான உத்தரவு கொடுத்தால் போதும். 2020 முதல் யுபிஐ ஆட்டோபேயும் வந்துவிட்டது. அம்மாவின் கணக்குக்கு ஒன்று, ஜமாஅத்தின் பைத்துல்மாலுக்கு ஒன்று, திருமணத்துக்கோ ஹஜ்ஜுக்கோ தனிக் கணக்கில் ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஏழாம் தேதி வரவேண்டிய சம்பளம் பத்தாம் தேதிக்கும் தள்ளிப்போகும். எனவே சில நாள் விட்டுத் தேதி குறியுங்கள். இருப்பு இல்லாமல் திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கக்கூடும். சேமிக்கிறோம் என்று ஆர்.டி. தொடங்கிவிடாதீர்கள், அதில் வருவது வட்டி.

அன்று அவருடைய கைபேசியைப் பார்த்தபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. கிரெடிட் கார்டுக்கும் அவர் தானியங்கிக் கட்டளை கொடுத்திருந்தார், ஆனால் குறைந்தபட்சத் தொகைக்கு மட்டும். மீதிக்கு மாதந்தோறும் வட்டி ஏறியது. கடன் அடைகிறது என்று நம்பியே பதினோரு மாதங்களைக் கழித்திருக்கிறார். சட்டைக்காக வெட்கப்பட்ட பிள்ளை, வட்டி கட்டுவதை அறியாமலே இருந்திருக்கிறார்! முழுத் தொகையும் கட்டும்படி கட்டளையை மாற்றினோம். நிலுவை தீர்ந்ததும் கார்டையே ஒப்படைத்துவிடுவதாகக் கூறியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.

ஜகாத்தை மட்டும் இப்படி ஆங்கிலத் தேதியிடம் ஒப்படைக்காதீர்கள். சந்திர ஆண்டு சுமார் பதினொரு நாள் குறைவு. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியிலும் இரண்டரை சதவீதம் கொடுத்துவருபவர், ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஓராண்டின் ஜகாத்தையே விட்டுவிடுகிறார். நிஸாப் அளவை எட்டிய பிறைத் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாதாமாதம் முன்கூட்டியே கொடுப்பவர்களும் ஜகாத் என்ற நிய்யத்துடன் கொடுத்து, அந்தத் தேதியில் கணக்குப் பார்த்துக் குறைவதை நிறைவு செய்யுங்கள்.

எல்லாம் பிரித்தபின் அவருக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. அதில் என்னென்ன வாங்கலாம் என்று கேட்டார். ஹலாலானது எதுவாயினும் வாங்கலாம், அதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றேன்.