விண்ணப்பப் படிவமும் ஓர் அமானிதமே



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் ஊர்களின் பிரவுசிங் சென்டர்கள் நிரம்பி வழிகின்றன. தந்தை வாசலில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். பிள்ளை நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறான். இருவரையும் முன்பின் அறியாத ஓர் இளைஞர் அவனுடைய அடுத்த நான்கு ஆண்டுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பின்னர் இடம் கிடைக்காமல் போனால், "நஸீப் இல்லை" என்று முடித்துக்கொள்கிறோம். தக்தீரின் மீது ஈமான் கொள்வது கடமை. நம் கைப்பிழையைத் தக்தீரின் மீது சுமத்த நமக்கு அனுமதி தந்தவர் யார்?

முதலில் ஒட்டகத்தைக் கட்டு, அதன்பின் தவக்குல் வை என்ற கருத்துடைய நபிமொழியைப் பயானில் கேட்டுத் தலையசைக்காதவர் நம்மில் இல்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவதைப் பற்றியது. ஹுதைபிய்யா உடன்படிக்கையிலோ, நபி (ஸல்) அவர்களின் பெயரை எப்படி எழுதுவது என்பதே விவாதமாகி, இறுதியில் தந்தையின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டது. ஆவணத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு என்பதை அறிந்த உம்மத் நாம்.

நம் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். "முஹம்மது" என்பது ஆதாரில் ஒரு விதமாகவும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். "அப்துல் காதர்" ஓரிடத்தில் ஒரே சொல், மற்றோரிடத்தில் இரு சொற்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இதைக் கண்டு பதறுவதில் பயனில்லை.

அடுத்தது இடஒதுக்கீடு. 2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி உள் ஒதுக்கீடு உள்ளது. அது போதாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதில் நியாயமும் உண்டு. ஆனால் இருப்பதைக் கேட்டு வாங்கவேனும் தெரிந்திருக்க வேண்டாமா? "பி.சி. முஸ்லிம்" என்று குறிக்க வேண்டிய இடத்தில் வெறும் "பி.சி." என்று குறித்துவிட்டு வருகிறோம். "முஸ்லிம்" என்பது மதம். சாதிச் சான்றிதழில் தேவைப்படுவது பட்டியலிலுள்ள பிரிவு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார் ஆகியவையே அந்தப் பிரிவுகள். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கோ வேறு பட்டியல், வேறு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், மாநிலச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் ஏற்கமாட்டார்கள்.

கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்னொரு கொடுமை. கடைக்காரர் வசதிக்காகத் தம்முடையதையே பதிந்துவிடுகிறார். கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அவரிடம், இட ஒதுக்கீட்டு ஆணை வந்த செய்தியும் அவருக்கே. அவர் கெட்டவர் அல்லர். ஒரே நாளில் பலருடைய படிவங்களை நிரப்புபவர், அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது கசக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்காக நம்மில் சிலர், மூத்த மகன் பட்டம் பெற்று வளைகுடாவில் வேலை பார்க்கும்போதே, குடும்பத்தில் பட்டதாரி எவருமில்லை என்று உறுதிமொழியில் கையொப்பமிடுகிறார்கள். "எல்லாரும் செய்வதுதானே, ஹஜ்ரத்" என்கிறார்கள். அது பொய்ச் சாட்சி, பெரும்பாவம். அதோடு, அரசு முதல் தலைமுறைப் பிள்ளைக்கென ஒதுக்கிய பணத்தை உரிமையின்றி எடுப்பதுமாகும். கட்டணம் செலுத்த இயலாதவர் ஜகாத் நிதியைக் கேட்கட்டும், அதில் இழிவில்லை.

கல்லூரி விருப்பப் பட்டியலிலும் அலட்சியமே. பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைப்படி பட்டியலின் மேலிருந்து கீழாகத்தான் இடம் பார்க்கப்படுகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியை முதலில் எழுதினால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதுவே கிடைக்கும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. எதைப் படிக்க விரும்புகிறாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நிக்காஹ்வுக்குக்கூட மார்க்கம் அவளுடைய சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது!

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். அமானிதத்தையும் சாட்சியத்தையும் பாடமாக நடத்திவிட்டு, அவை மீறப்படும் இடத்தில் வாய்மூடி இருப்பதா எங்கள் வேலை?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒன்று. திருமண மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்த வசூல் செய்ய முடிகிறது. ஒரு கணினியும் பிரிண்டரும் வாங்க முடியாதா? மஹல்லாவில் படித்து முடித்த இளைஞர் இருவரை மஃரிபுக்குப் பின் மதரஸாவில் அமர்த்துங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் தங்கள் சான்றிதழ்கள் அனைத்தையும் கொண்டுவரட்டும். பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், பிரிவு ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் பெற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தேர்வு முடிவுக்குக் காத்திராமல் அரையாண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.