மணலும் கற்பலகையும்

திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் குழந்தையின் விரலைப் பற்றி மணலில் அகரம் எழுதுவித்ததை இக்காலத்தாரிற் சிலர் ஏளனம் செய்கின்றனர். அவர்கள் ஒரு சரித்திரத்தை அறியார் போலும். 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பாடசாலைப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பாடசாலையிலும் கையாண்டார். மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனுடன் சேர்த்து, 1797ல் லண்டனில் ஒரு பிரசுரம் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயராலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளிடையே பரவிற்று. நமக்குக் கல்வி கொடுத்ததாகப் பெருமை பேசியவர்கள், நம்மிடம் பெற்றுச் சென்றதும் உண்டு.

மணலில் பிழை நேர்ந்தால் கையால் தடவினால் போதும். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அவ்விதம் அழிக்க இயலாது. ஆகவே கை தேர்ந்த பின்னரே பிள்ளைக்கு ஓலை கொடுக்கப்பட்டது. பின்னால் வந்த கற்பலகையும் பலப்பமும் மணலின் குணத்தையே உடையவை. எச்சில் தொட்டு அழித்ததை நாம் ஆதரிக்கவில்லை. வேலியோரத்துக் கோவை இலை அதற்கு நன்றாகவே உதவிற்று.

நூதனக் கருவிகளை நாம் வெறுப்பவரல்லர். 2011ல் தமிழக அரசு மேல்நிலை மாணாக்கர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியது ஏழைகளுக்குப் பேருதவியே. ஆனால் அரிச்சுவடிப் பருவத்திலேயே பலகையை விலக்கித் திரையை நீட்டுவது எவ்வாறு பொருந்தும்? கணினிக் கல்வியில் முந்திச் சென்ற ஸ்வீடன் தேசமே 2023ல் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்ப முற்பட்டது. நம் மாகாணத்திலோ, கொள்ளை நோயின் பொருட்டு 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஆரம்ப வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. அந்நாட்களில் கைபேசி இருந்த வீட்டுப் பிள்ளை பாடத்தைப் பார்த்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவுமில்லை. எழுதிக் காட்டித் திருத்தம் பெறும் வாய்ப்பை இருவருமே இழந்தனர்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையை இன்றும் மூன்று மணி நேரம் பேனா பிடித்தே எழுதவேண்டும். திரையைத் தடவிப் பழகிய விரலுக்கு அந்த வலிமை எங்கிருந்து வரும்? வசதியுள்ளோர் தனி உபாத்தியாயரை அமர்த்திக் குறையை நிரப்பிக்கொள்வர். கூலிக்காரர் மகன் என் செய்வான்?

முதலிரண்டு வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்பலகையும் வேண்டிய பலப்பமும் அளித்து, நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் எழுதுவிக்கும்படி கல்வி இலாகா உத்தரவிடல் வேண்டும். பணமில்லை என்று சர்க்கார் சொல்வதற்கில்லை. கோவை இலைக்கு இன்றும் விலை கிடையாது.