குற்றங் கூறக் கேட்டல்

பிறர் செய்த காரியத்திற் குற்றங் காண்பது எளிது. தான் செய்த காரியத்திற் பிறர் கண்ட குற்றத்தைச் செவிகொடுத்துக் கேட்பது அரிது. இஃது எல்லோரும் அறிந்த உண்மையே. ஆயினும் ஒன்றை அறிதல் வேறு, அநுபவித்து உணர்தல் வேறு. சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற நிரலாக்கப் போட்டியின் அமைப்புக் குழுவில் யானும் ஒருவனாயிருந்தேன். அதன்பின் எழுந்த கண்டனங்களுக்கு விடையெழுதும் பொறுப்பும் என்பால் வந்தது. அக்காரணம் பற்றி, இப்பொருளைக் குறித்து யான் கருதுவனவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கும் கணினிக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு விடை பின்னர்ப் புலனாகும்.

நிரலாக்கப் போட்டி இன்னதென்று அறியாதார் பொருட்டு அதனைச் சிறிது விளக்குவது இன்றியமையாதது. போட்டியாளர்க்குச் சில கணக்குகள் தரப்படும். அவற்றைத் தீர்க்குமாறு கணினிக்குரிய நிரல்களை அவர்கள் எழுதி அனுப்புவர். தீர்ப்பளிக்கும் கணினி, போட்டியாளர் கண்ணிற் படாத பல சோதனைத் தரவுகளை அந்நிரலுக்குக் கொடுத்து, விடை சரியா, தவறா என்று மாத்திரம் கூறும். எங்கே தவறு என்று கூறாது. இத்துறையிற் புகழ் மிக்கது, 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திற் கால்கொண்டு, இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் ஐ.சி.பி.சி. என்னும் போட்டியாகும். அதில் ஓரணிக்கு மூவர். மூவர்க்கும் ஒரே கணினி. காலம் 5 மணி நேரம். மிகுதியான கணக்குகளைத் தீர்த்த அணி முன்னிற்கும். ஒப்ப நின்றாரிடையே காலத்தைக் கொண்டு வரிசை செய்வர். தீர்த்த கணக்கொன்றில் முன்னர்த் தவறாக அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் 20 நிமிடங்கள் தண்டமாகக் கூட்டப்படும். எம் போட்டியும் இவ்விதிகளையே தழுவி நடந்தது.

ஒன்று மட்டும் புதிதாகச் செய்தோம். சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்கள் கணக்கில் வல்லராயிருந்தும் ஆங்கில வாசகத்தைக் கண்டு மயங்குகின்றனர் என்பது பற்றி, வினாக்களைத் தமிழிலும் தருவதென்று முடிவு செய்தோம். அத்தமிழ் வாசகத்தை எழுதியவன் யானே. இதுவே எனக்கும் கணினிக்கும் உள்ள தொடர்பு.

நிற்க. நான்காம் வினா ஒரு தெருவைப் பற்றியது. வரிசையாய் நிற்கும் வீடுகள் ஒவ்வொன்றிலும் சில விளக்குகள் எரிகின்றன. இரண்டு வீடுகளின் எண்களைக் கொடுத்தால், அவற்றிற்கு இடையே எரியும் விளக்குகளின் தொகையைக் கூறவேண்டும். ஆங்கில வாசகத்தில், இறுதியில் நிற்கும் இரு வீடுகளையும் சேர்த்தெண்ணுக என்று பொருள்தரும் ஒரு சொல் இருந்தது. யான், 'இவ்விரு வீடுகளுக்கும் இடையேயுள்ள வீடுகள்' என்று எழுதி, அச்சொல்லை விட்டுவிட்டேன். ஐந்தாம் வீட்டிற்கும் ஒன்பதாம் வீட்டிற்கும் இடையேயுள்ள வீடுகள் எத்துணை என்று ஒரு தமிழனைக் கேட்டால் மூன்று என்பான். தீர்ப்புக் கணினியோ ஐந்தின் கணக்கை எதிர்நோக்கியிருந்தது. 'உட்பட' என்னும் ஒரு சொல் இருந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூற்குற்றம் பத்து எனத் தொகுத்தாரன்றோ? அவற்றுள் குன்றக்கூறல், மயங்கவைத்தல் என்னும் இரண்டையும் ஒரே வாக்கியத்திற் செய்து முடித்தேன். அந்நூலிற் பரீட்சை எழுதித் தேறிய இரண்டாம் மாதத்தில் இது நிகழ்ந்தது.

வினாவின்கீழ்த் தந்த எடுத்துக்காட்டேனும் ஐயத்தைப் போக்கியிருக்கலாம். அதுவும் போக்கவில்லை, அதில் இறுதி வீடுகள் இரண்டிலும் விளக்கே எரியாதிருந்தமையால், எவ்வாறு எண்ணினும் விடை ஒன்றாகவே வந்தது. போட்டியின் நடுவே ஓரணியினர் எழுந்து வந்து இவ்வையத்தை வினவினர். வினவியவர்க்கு மட்டும் விடை கூறி அனுப்பினோமேயன்றி, அதனை எல்லா அணிகளுக்கும் அறிவித்தோமல்லோம். இது முன்னதினும் பெரிய பிழை.

தமிழ் வாசகத்தையே நம்பிய ஓரணி இருந்தது. அவர்கள் ஏழு முறை அனுப்பி ஏழு முறையும் தவறென்று தீர்ப்புப் பெற்றனர். தம் நிரலிலேயே குறை இருப்பதாகக் கருதி அதனைத் திரும்பத் திரும்பத் திருத்தினர். எட்டாம் முறை, வேறு வழியின்றி இறுதி வீடுகளையும் சேர்த்தெண்ண, சரியென்று வந்தது. தண்டம் 140 நிமிடங்கள். மூன்றாமிடத்தில் நிற்கவேண்டியவர் ஐந்தாமிடத்திற்கு இறங்கினர். எவர்க்கு உதவுவதற்காகத் தமிழில் வினா எழுதினோமோ, அவரையே அத்தமிழ் வாசகம் கெடுத்தது.

மறுநாள் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. வாசகம் தவறு, எடுத்துக்காட்டு பயனற்றது, விளக்கம் ஒருவர்க்கு மட்டும் கூறப்பட்டது என்று மூன்றே வரிகள், வணக்கமுமில்லை, நன்றியுமில்லை. அதனைக் கண்டவுடன் எனக்குச் சினமே முதலில் எழுந்தது. மூன்று வாரம் இரவும் பகலும் உழைத்தோமே, ஊதியமா பெற்றோம்? மற்றையோர் அக்கணக்கைத் தீர்த்தனரே, இவர்க்கு மட்டும் என்ன வந்தது? ஐயமிருந்தால் கேட்டிருக்கலாகாதா? இவ்வெண்ணங்களையெல்லாம் நயமான சொற்களாற் கோத்து இரண்டு பக்கம் மறுமொழி எழுதி, எம் தமிழ்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, 'தம்பி, அவர்கள் எழுப்பிய மூன்று குறைகளுக்கும் இதில் எந்த வரியில் விடை இருக்கிறது?' என்று மாத்திரம் கேட்டார். ஒரு வரியிலும் இல்லை.

குற்றஞ் சாட்டப்பட்டோர் செய்யும் முதற் பிழை இதுவே என்பது என் துணிபு. சாட்டப்பட்ட குற்றத்திற்கு விடை கூறாது, தம் உழைப்பையும், நன்னோக்கத்தையும், சாட்டியவரின் கடுமையையும் பேசுகின்றோம். உழைப்பு மெய்யே, நோக்கமும் நன்றே. ஆயினும் அவை அவ்வணியின் 140 நிமிடங்களைத் திருப்பித் தருவனவல்ல. 'ஏன் கேட்கவில்லை?' என்பதோ, கேட்டவர்க்கு மட்டும் விடை கூறிய எம் வாயிலிருந்து வரத்தகாத வினா.

வேதாகமத்தில் இஸ்ரவேலின் முதல் இரு அரசர்களும் கண்டிக்கப்பட்ட வரலாறுகள் உள. அமலேக்கியரை வென்ற சவுல், அழிக்கவேண்டிய ஆடுமாடுகளுட் சிறந்தவற்றை உயிரோடு வைத்துக்கொண்டான். சாமுவேல் கடிந்தபோது, ஜனங்கள் பலியிடும் பொருட்டு வைத்தனர் என்று பழியைப் பிறர்மேலிட்டான். பின்னர்த் தான் பாவஞ் செய்ததாக ஒப்புக்கொண்டான். ஆயினும் அதனோடு, மூப்பர் முன்னிலையில் தன்னைக் கனம்பண்ணவேண்டுமென்றும் வேண்டினான். தாவீது செய்த குற்றமோ இதனினும் கொடியது. எனினும் நாத்தான் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, அம்மனிதன் நீயே என்றபோது, அவன் காரணமும் கூறவில்லை, கனமும் வேண்டவில்லை; கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ் செய்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான். இருவரும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் சொல்லினர். வேறுபாடு அச்சொல்லின் பின் வந்ததில் உள்ளது. யான் எழுதிய இரண்டு பக்கங்களும் சவுலின் மறுமொழியாகவே இருந்தன.

இனி, பிழையை ஒப்புக்கொண்டால் அமைப்பாளரின் மதிப்புக் கெடும் என்று சிலர் அஞ்சுவர். இதற்கு ஒரு சான்று காட்டுவேன். 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் நடந்த எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒரு வினா வந்தது. சிறு வட்டம் ஒன்றின் ஆரம், பெருவட்டத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்கு. சிறுவட்டம் பெருவட்டத்தின் வெளிப்புறமாக உருண்டு தொடங்கிய இடத்தை அடைய எத்தனை முறை சுழலும் என்பது அது. தேர்வாளர் கொண்ட விடை 3. மெய்யான விடை 4. அந்நான்கு, தந்த ஐந்து விடைகளுள் ஒன்றாகவும் இல்லை. இதனை ஐயுறுவோர் ஒரே அளவான இரு நாணயங்களை எடுத்து, ஒன்றை அசையாது வைத்து மற்றொன்றை அதன் விளிம்பில் உருட்டிப் பார்க்க. அது ஒரு முறையன்று, இருமுறை சுழல்வதைக் காண்பர். தேர்வு எழுதியோர் ஏறக்குறைய 3,00,000 பேர். வினாவே தவறு என்று எழுதியறிவித்தவர் மூன்று மாணவர். அறிஞர் பலரைக் கொண்ட அத்தேர்வு நிறுவனம், அம்மூவரும் சிறுவர் என்று புறக்கணியாது, பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அவ்வினாவை நீக்கி அனைவர்க்கும் மதிப்பெண்ணை மீண்டும் கணக்கிட்டது. அதனால் அத்தேர்வு அழிந்துபோகவில்லை, இன்றும் நடைபெறுகின்றது.

ஆயின், எழுகின்ற கண்டனங்கள் அனைத்தையும் ஒருபடித்தாக ஏற்றல் வேண்டுமோ எனின், வேண்டா என்பேன். எமக்கு வந்தவை மூவகைப்பட்டன. மேற்கூறிய கடிதம் போன்ற மெய்க்குற்றம் ஒருவகை. அதற்குரிய விடை ஒப்புதலும் பரிகாரமுமே. எம் கல்லூரி அணிக்கு வினாக்களை முன்னரே காட்டினோம் என்ற பொய்க்குற்றம் இரண்டாம் வகை. அதற்கு ஆத்திரமான மறுப்பு உதவாது. வினாக்களைக் கையாண்டோர் யாவர் என்பதையும், சோதனைத் தரவுகளையும், ஒவ்வோரணியும் அனுப்பிய நேரங்களையும் எல்லோரும் காண வைத்தோம். கேட்டவர் பார்த்துத் தெளிந்தனர். கணக்குகள் மிகக் கடினம் என்றும் மிக எளிது என்றும் வந்தவை மூன்றாம் வகை. அவை சுவை பற்றியன, குறித்துவைத்துக்கொண்டால் போதும். முதல்வகைக்குரிய விடையை மூன்றாம் வகைக்கு அளிப்பவன் கோழை. மூன்றாம் வகைக்குரிய விடையை முதல்வகைக்கு அளிப்பவன் அநியாயக்காரன்.

பரிகாரந் தேடுவதும் எளிதாயில்லை. ரஷ்ய நாட்டில் தோன்றிய கோட்ஃபோர்சஸ் என்னும் போட்டிக்களத்தில், பெரும்பிழை நேர்ந்த போட்டியைப் போட்டியாளரின் தரமதிப்பிற் சேர்க்காது விட்டுவிடுவதுண்டு. பரிசு வழங்கிவிட்ட எமக்கு அவ்வழி பயன்படாது. நான்காம் வினாவையே நீக்கின், ஆங்கில வாசகத்தைக் கொண்டு முறையாகத் தீர்த்தவர்க்கு அநீதியாகும். ஆதலின் அவ்வொரு வினாவிற்குரிய தண்ட நிமிடங்களை எல்லா அணிகளுக்கும் நீக்கிக் கணக்கிட்டோம். கடிதம் எழுதிய அணி மூன்றாமிடத்திற்கு வந்தது. முன்னர் மூன்றாம் பரிசு பெற்றவர் ஒரு குற்றமும் செய்யாமையின், அதனைத் திரும்பப் பெறாது, குழுவினரே பணம் சேர்த்து மற்றொரு மூன்றாம் பரிசு அளித்தோம். இதுவும் முழு நீதியன்று. தண்டத்தை நீக்கலாம், ஏழு முறை தம் நிரலை ஐயுற்றுக் கழித்த ஒரு மணி நேரத்தை நீக்க இயலாது. அந்நேரத்தில் அவர்கள் மற்றொரு கணக்கைத் தீர்த்திருக்கவுங்கூடும். இதனையும் மறுமொழியில் எழுதினோம். எம்மாற் செய்யக்கூடியது இது, கூடாதது இது என்று எல்லை வகுத்துக் கூறுவதும் ஒப்புதலின் ஒரு பகுதியே.

இவ்வளவிற்குப் பின் குழுவினருட் சிலர், இனி இப்போட்டியே வேண்டா என்றனர். வேறு சிலர், போட்டி இருக்கட்டும், தமிழ் வாசகம் வேண்டா என்றனர். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. கண்டனத்திற்கு அஞ்சி விலகுதல் பணிவு போலத் தோன்றினும், புகழின்றேல் பணியுமில்லை என்னும் செருக்கே அதனுள் மறைந்திருக்கின்றது. தமிழை விலக்குவதோ, என் எழுதுகோல் செய்த பிழைக்கு மொழியைத் தண்டிப்பதாகும். எல்லையைத் திட்டமாக உணர்த்தும் சொல் தமிழில் இல்லாமலில்லை. யான் அதனை எழுதவில்லை, அவ்வளவே.

குறை கூறுவார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எக்குறையாயினும் இன்ன இடத்தில் இன்னது என்று சுட்டிக் கூறுக. போட்டி மோசம் என்று பொதுவாகக் கூறியவர் பலர். அவர்களிடமிருந்து யாம் கற்றது ஒன்றுமில்லை. வணக்கமின்றி மூன்று வரி எழுதிய அவ்வணியினரே எமக்கு ஆசிரியராயினர். பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துரைப்பாரைப் பெறாத மன்னன் பகைவரில்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் உணர்த்தியது மன்னர்க்கு மட்டுமன்று, மாணவர் சங்கங்களுக்கும் பொருந்தும்.

இவ்வாண்டுப் போட்டிக்கு வினாத்தாள் ஆயத்தமானவுடன், விடையறியாத ஒருவர் அதனைப் படித்துப் பார்க்கவேண்டுமென்று விதி செய்தோம். விளக்கம் எதுவாயினும் எல்லா அணிகளுக்கும் ஒருங்கே அறிவிக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. படித்துப் பார்ப்பதற்கு, கடிதம் எழுதிய அணியில் படிப்பு முடிந்து இனிப் போட்டியிடவியலாத ஒருவரையே அழைத்தோம். அவர் வந்து, ஒரு பிற்பகல் முழுதும் நூலகத்தில் அமர்ந்து வாசித்து, என் தமிழ் வாசகத்தில் மூன்று இடங்களிற் சிவப்புக் குறியிட்டுக் கொடுத்தார். மூன்றும் பிழைகளே. திருத்தினேன்.