படிக்காமல் கொடுத்த சம்மதம்

நம் தாயாருக்கு முழங்கால் வலி. கடைத் தெருவில் அலைவானேன் என்று, சென்ற மாதம் ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து முழங்கால் பட்டை ஒரு ஜோடி வரவழைத்தோம். பட்டை நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் சகாயந்தான். வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

மறு நாள் முதல் செல்போனைத் திறந்தால் தைலமும் லேகியமும் மூட்டு வைத்தியமுமாக ஒரே விளம்பரம். போகட்டும் என்று இருந்தோம். நான்காம் நாள் காலை யாரோ ஒருவர் கூப்பிட்டார். நாம் ஸ்நானம் செய்துகொண்டிருந்தபடியால் தாயார் போனை எடுத்தார்கள். அந்த மனிதர் நம் பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், பட்டையின் விலையைக்கூடச் சில்லறை பிசகாமல் சொன்னார். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அம்மா! இப்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். இவ்வளவும் தெரிந்தவர் கடைக்காரராகத்தானே இருக்க வேண்டும்? தாயாருக்குக் காது சற்று மந்தம். ஆகையால் குரலும் உரக்க இருக்கும். நான்காவது இலக்கம் நம் காதில் விழுந்ததும் ஈரத் துண்டுடன் ஓடிவந்து போனைப் பிடுங்கினோம்.

நாம் சிறு பையனாக இருந்தபோது நம் தெரு மளிகைக் கடைக்காரருக்கும் நம் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும். எந்த மாதம் விருந்தாளி, எந்தத் தேதியில் சம்பளம் தீரும் என்பதெல்லாம் அவருடைய பற்றுக் கணக்கில் இருந்தது. தராசில் விரல் வைக்கிறவர் என்று அவருக்குப் பெயர் உண்டு. அவரை உத்தமராக்க நாம் வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நோட்டு கல்லாப் பெட்டியை விட்டு வெளியே போனதில்லை.

நடந்ததை வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். "தகவலைப் பிறருக்குக் கொடுக்க நீங்கள்தானே ஸார் சம்மதம் கொடுத்திருப்பீர்கள்?" என்றார். அன்றிரவே பென்சிலும் கையுமாக உட்கார்ந்து அந்தக் கடையின் நிபந்தனைகளைப் படிக்கத் தொடங்கினோம். இருபது வருஷமாகப் பையன்களுக்கு இங்கிலீஷ் போதிக்கும் நமக்கே மூன்றாம் பக்கத்தில் தலை சுற்றியது. மார்க்குப் பட்டியலைத் தகப்பனார் பார்க்காமலே கையெழுத்து வாங்கி வரும் பையன்களை நாம் அறிவோம். அந்தக் கையெழுத்துக்குள்ள மதிப்புத்தான் இந்தச் சம்மதத்துக்கும்.

சட்டமும் இப்போது ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் பிறந்தது. சம்மதம் கேட்பவர் எளிய நடையில் கேட்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் நாம் விரும்புவதில் அதைப் படிக்க வசதி செய்ய வேண்டும். ஆகவே தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. காரியத்துக்கு வேண்டிய தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். போனில் வைத்தியம் சொல்லும் ஒரு செயலி நம் போனிலுள்ள நண்பர்களின் எண்களையெல்லாம் கேட்டு, நாமும் சரி என்றாலும், அந்தச் 'சரி' செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. பட்டை வந்து சேர விலாசம் வேண்டும், வாஸ்தவம். தைலக்காரருக்கு அது எதற்கு? தகவலைக் காக்கத் தவறுகிறவர்களுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரையில் போகலாம்.

ஆனால் வேகத்தைப் பாருங்கள்! தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்துச் சட்டம். விதிகள் வெளியானது 2025 நவம்பரில். முக்கியமான விதிகளுக்கோ அதிலிருந்து மேலும் பதினெட்டு மாத அவகாசம். மோசக்காரர்கள் அவகாசம் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2020-ஆம் வருஷத்து இணைய வர்த்தக விதிகளின்படி, ஒவ்வொரு கடையும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததென்று அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்ய வேண்டும். அங்கே பலிக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பணமே பறிபோய்விட்டால் தாமதியாமல் 1930-ஐக் கூப்பிட வேண்டும்.

நாமும் அந்த அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதினோம். நம் விலாசத்தையும் வாங்கிய பொருளின் விவரத்தையும் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். கடையிலிருந்து கசிந்ததா, பார்ஸல் கொண்டுவந்த இடத்திலிருந்து கசிந்ததா என்று நமக்கும் தெரிய வேண்டுமல்லவா? கடிதம் கிடைத்ததென்று மறு நாளே பதில் வந்தது, இங்கிலீஷில். கேட்ட விஷயத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது.